கிராம்பு பிஸ்கட்டும் அண்ணன் பேர் வெட்டிய குண்டானும்

போன தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. அன்றைக்குக் காலையில் வீட்டில் இருந்தவர்கள் நானும் அண்ணியும் மட்டும்தான். நூறு நாள் வேலைக்குப் போயிருந்த அம்மா மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணன். தான்சானியாவின் தெற்குக் கடலோரத்தில் ஒரு முந்திரிக் கிடங்கில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் அப்பா. சித்திரையில் இறந்துபோனார்.

அண்ணி அந்த ஊர்ப் பெண். அண்ணன் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு எங்களுக்குப் போட்டோ மட்டும் அனுப்பினார். அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா சிரிக்குது அந்தப் புள்ள" என்றார். அம்மா போட்டோவை வாங்கவே இல்லை. அப்பா போனபோது அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐப்பசியில் இரண்டு பேருமாக வருவதாக டிக்கெட் போட்டார்கள். ஆனால் அங்கே ஐப்பசிதான் முந்திரி வரத்து. கம்பெனி அண்ணனைக் கடைசி வாரம்தான் விடுவோம் என்றுவிட்டது. சாவு விழுந்த வீட்டுக்கு எங்கள் இருவரில் இதுவரை யாருமே போகவில்லை, நானாவது முதலில் போகிறேன் என்று அண்ணி தனியாகவே கிளம்பி வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வரை போனது நான்தான். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டு என்னைப் படிக்க வைத்தார். அதனால் அண்ணி பேசும் இங்கிலீஷை அம்மாவுக்கும், அம்மா பேசுவதை அண்ணிக்கும் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வந்த மறுநாள் காலை அண்ணி விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். அம்மா என்னைப் பார்த்து, "அதைக் கீழ வைக்கச் சொல்லு. ஆகாசத்துல பறந்து வந்த புள்ள, அடுப்படிப் பக்கம் வரவேணாம்னு சொல்லு" என்றார். அம்மாவின் குரலில் இருந்த வெடுக்கென்ற ஒன்று எனக்குப் பயமாக இருந்தது. அதை அப்படியே சொன்னால் அண்ணி மனசு உடைந்துபோகும் என்று நினைத்தேன். அதனால் நானாக ஒரு வழக்கத்தை உண்டாக்கிச் சொன்னேன். "எங்கள் ஊரில் புது மருமகள், கணவன் வந்து சேரும்வரை எந்த வேலையையும் தொடக் கூடாது. தொட்டால் மாமியாருக்கு அவமானம்." அண்ணி கண்களை அகல விரித்துக் கேட்டுவிட்டு, விளக்குமாற்றை ஏதோ சாமிப்பொருள் மாதிரி மூலையில் சாய்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு பத்து நாள், கைகளை மடியில் கோத்து உட்கார்ந்தே இருந்தார். அம்மா இலை போட்டு, கூட்டு பொரியல் வைத்து, எழுந்து போய்விடுவார். சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வேலைக்குப் போய் வந்த அம்மாவுக்கு அண்ணி ஒருநாள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தண்ணீர் வேலையில் சேராது என்று அண்ணியே முடிவு பண்ணியிருப்பார் போல. அம்மா அதை வாங்காமல் குடத்தில் மொண்டு குடித்தார். இராச்சோற்றுக்கு உட்காரும்போது என்னிடம், "ஒரு தம்ளரை நகட்டி வைக்க மாட்டேங்குது. வெளிநாட்டு ராங்கி. ஒங்க அண்ணன் எங்கிட்டுப் போய்ப் புடிச்சான் இவள" என்றார். அம்மா என்ன சொன்னார் என்று அண்ணி கேட்டார். "நீங்கள் நன்றாக ஓய்வெடுப்பதில் அம்மாவுக்குச் சந்தோஷமாம்" என்றேன். இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தீபாவளி நெருங்க நெருங்கத் தெருவெல்லாம் முறுக்கு வேகும் வாசனை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அண்ணி ஏன் என்று கேட்டார். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பலகாரத்தைத்தான் சாப்பிடுவார்கள் என்றேன். அது நிஜமான வழக்கம். அண்ணி, "நானும் கொண்டுவந்து கொடுக்கிற ஆள்தானே?" என்றார். தன் பெட்டியைத் திறந்து ஒரு தகரடப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்ததும் அறை முழுக்கக் கிராம்பு. அவர்கள் ஊர்க் கடலுக்கு நடுவில் உள்ள ஒரு தீவில் விளைந்ததாம். சீனி பிஸ்கட் செய்யலாம், ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம், அம்மாவுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. "என் கையால் அம்மா எதையும் வாங்கியதே இல்லை. ஊருக்குத் திரும்புவதற்குள் ஒன்றாவது வாங்கிக்கொண்டால் போதும்" என்றார். 'போதும்' என்பதை மட்டும் தமிழில் சொன்னார். அண்ணன் சொல்லிக்கொடுத்த நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

பிஸ்கட் என்றதும் என் படித்த புத்தி ஓவனைத் தேடிப் போனது. ஆலங்குடியில் ஒரு பேக்கரிக்குப் போய், மாவைக் கொண்டுவந்தால் சுட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். மாஸ்டர் சிரித்தார். "தீபாவளி ஆர்டர்ல என் அடுப்புக்குள்ள ஈ நுழைய எடமில்ல தம்பி. வெளையாடாம போங்க." திரும்பி வந்து அண்ணியிடம் சொன்னேன். அவருக்கு நான் ஏன் போனேன் என்றே புரியவில்லை. ஒரு கனமான பாத்திரம், மூன்று கல், கொஞ்சம் கங்கு. இது போதாதா என்றார். அவர்கள் ஊரில் அடியிலும் நெருப்பு, மூடிக்கு மேலும் நெருப்பு வைத்துத்தான் கேக்கே சுடுவார்களாம்.

அம்மா வேலைக்குப் போனதும் கொல்லைப்பக்கம் மூன்று கல் கூட்டினோம். முதல்நாள் இரவு பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கொட்டாங்கச்சியோடு சேர்க்கச் சுள்ளி பொறுக்க முந்திரிக் கொல்லைக்குப் போனபோது அண்ணி ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். தாழ்ந்த கிளையைத் தொட்டார். இலையைக் கசக்கி முகர்ந்தார். அவர் வீட்டுக்குப் பின்னாலும் இதே மரம்தானாம். "அங்கே இப்போது பழம் விழுந்துகொண்டிருக்கும். இங்கே பூவே வரவில்லை. ஒரே மரம், வேறு மாதம்" என்றார். இலைகளில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அந்தக் கிளைக்கு அந்தப் பக்கம் குனிந்து போனால் அவர் ஊர் வந்துவிடும் போல எனக்குத் தோன்றியது.

வெண்ணெயையும் சீனியையும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெள்ளை வெளேர் என்று நுரைக்க வைத்தார். கிராம்பு, ஏலக்காய், சுக்கு மூன்றையும் இடித்துச் சலித்தார். எங்கள் வீட்டுத் தேங்காயில் முதல் பாலும், கொஞ்சம் பொடித்த முந்திரியும். எல்லாம் மைதாவோடு சேர்ந்தபோது வந்த வாசனையை எந்தப் பண்டிகையோடும் என்னால் சேர்க்க முடியவில்லை. பலகையில் மாவைத் தட்டி, தம்ளர் விளிம்பால் வட்டம் வட்டமாக வெட்டி, மேலே சீனியைத் தூவினார். அவர் ஊர்ப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூங்காமலே கனவு காண்கிற மாதிரி இருந்தது.

பாத்திரம் எடுப்பதில்தான் நான் தவறு செய்தேன். அடுப்படியில் இருந்ததெல்லாம் மெல்லிசு. பரணில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு எவர்சில்வர் குண்டான் இருந்தது. அகன்ற வாய், கனமான அடி, அழுத்தமான மூடி. அண்ணனுக்குக் கல்யாணம் என்று பேச்செடுத்த காலத்தில் அப்பா புதுக்கோட்டையில் வாங்கி, விளிம்பில் அண்ணன் பேரை வெட்டிக் கொண்டுவந்தது. வருகிற மருமகள் முதன்முதலாகப் பால் காய்ச்ச என்று எடுத்து வைத்தது. பால் காய்ச்சவே இல்லை. அம்மா அதை இறக்கவும் இல்லை. எனக்கு இது எல்லாம் தெரியும். தெரிந்தும், மாவு காய்கிறதே என்ற அவசரத்தில், கழுவி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இறக்கிவிட்டேன்.

குண்டானுக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, பிஸ்கட்டுகளை அடுக்கி மூடினோம். மூடிமேல் அண்ணி கங்குகளை அள்ளிப் பரப்பினார். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, துக்க வீட்டுல பலகாரமா?"

"எண்ணெய்ச் சட்டி வைக்கலங்க அத்தை."

"அது தெரியுது. குண்டான் தலையில நெருப்ப வச்சிருக்கீங்களே, ஒங்க அண்ணி என்ன, மாரியாத்தாளுக்குத் தீச்சட்டியா எடுக்கப் போகுது?"

அண்ணிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் "வாங்க, சாப்பிடுங்க" என்றார். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனார்.

முதல் தட்டு அடி கருகி, மேலே வெளுத்து வந்தது. அண்ணி அடியில் இருந்த கங்கைப் பாதி இழுத்துவிட்டு மேலே கூட்டினார். கீழே கொஞ்சம், மேலே நிறைய என்று கையால் காட்டினார். இரண்டாவது தட்டு பொன்னிறம். மூன்றாவதும் அப்படித்தான். சூட்டோடு ஒன்றை வாயில் போட்டேன். சீனி முதலில் நறநறவென்று உடைந்தது, தேங்காய் கரைந்தது, எல்லாம் போன பிறகு நாக்கின் ஓரத்தில் கிராம்பு மெதுவாக வந்து உட்கார்ந்தது.

சாம்பலைத் தட்டிவிட்டுக் குண்டானைத் திருப்பிப் பார்த்தேன். அடி முழுக்க அட்டக் கரி. பக்கமெல்லாம் மயில்கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும் பாய்ந்திருந்தது. மூடி நெளிந்து ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. அண்ணன் பேரின் கடைசி எழுத்துகளில் புகை ஏறியிருந்தது.

அண்ணியிடம், கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மாவிடம் எதுவும் காட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்தக் குண்டான் என்ன குண்டான் என்று சொல்லவில்லை. அதைத் தென்னமட்டைக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு ஆலங்குடிக்கு வண்டியை எடுத்தேன். பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்த பணம் பையில் இருந்தது. பாத்திரக்கடையில் அதே அளவு குண்டானைத் தேடிப் பிடித்து, அண்ணன் பேரையும் வெட்டச் சொன்னேன். வெட்டுகிறவர், "கல்யாணமா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். என் கணக்கில் இன்னொரு பொய்.

வீட்டுக்கு வந்து, புதியதை அதே வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு இறங்குகிறேன், அம்மா வாசலில் நிற்கிறார். உள்ளே வரவில்லை. மம்பட்டி தோளிலேயே இருந்தது.

"யாரு வந்தா?" என்றார்.

"யாரும் வரலம்மா."

"வெத்தலைக்குக் கிராம்பு வச்சு மடிச்ச மாதிரி வாசம் வருது." அப்பா வெற்றிலைக்குக் கிராம்பு குத்திப் போடுவார். அம்மா அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கொல்லையில் அண்ணி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரைக்கும் கரி. நான் ஒளித்து வைத்த குண்டானை எடுத்து மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தார். குண்டானை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் நீட்டினார். விளிம்பில் இருந்த எழுத்தை விரலால் தொட்டு அண்ணன் பேரைச் சொன்னார். அண்ணன் எப்போதும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். கல்யாணப் பத்திரத்தில் இருந்த அந்த ஒரு கையெழுத்து மட்டும்தான் அண்ணிக்குத் தெரிந்த தமிழ் எழுத்து. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நான்" என்றார். நான்தான் கெடுத்தேன் என்று அர்த்தம்.

அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பேரைத் தெரியும். அப்பா கொண்டுவந்த அன்றைக்கு எத்தனை முறை தடவிப் பார்த்தார் என்று எனக்கு நினைவிருக்கிறது. இப்போதும் அம்மாவின் விரல் அந்த எழுத்து மேலேயே போனது. ஒரே பேரின் இந்தக் கோடியில் ஒரு விரல், அந்தக் கோடியில் ஒரு விரல்.

"பரண்ல இருந்து எவன்டா எறக்குனது?"

"நான்தாம்மா."

"இது எதுக்கு வாங்குனதுன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்மா." பரணில் ஏறிப் புதுக் குண்டானை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அம்மா தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். "ஒரே பேருல ரெண்டு குண்டானு. ஒங்க அண்ணனுக்கு இன்னொரு கல்யாணமாடா பண்ணப் போற?" பிறகு அண்ணியின் கரிக் கையைப் பார்த்து, "பத்து நாளா ஒரு தம்ளரத் தொடாதவளுக்கு இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சாம்? கேளு" என்றார்.

அம்மாவின் கேள்வியை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி திகைத்துப் போனார். நான் தொடக் கூடாது என்று நீதானே சொன்னாய், கெடுத்ததை அப்படியே விட மனம் வராமல்தான் இன்றைக்குத் தொட்டேன் என்றார். அதையும் அம்மாவிடம் சொன்னேன். பிறகு விளக்குமாற்றில் தொடங்கி எல்லாவற்றையும் இரண்டு பேருக்கும் மாறி மாறிச் சொன்னேன்.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடப்பாவி! வந்த அசதியா இருக்கும், அன்னைக்கு ஒருநா கெடக்கட்டும்னு சொன்னேன்டா. பத்து நாளைக்கா சொன்னேன்? ராங்கிக்காரின்னு அந்தப் புள்ளைய என்ன பேச்சுப் பேசிட்டேன். இதுக்கா ஒன்னையப் படிக்க வச்சது?"

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அவர்கள் ஊரில் விருந்தாளிக்கு இரண்டு நாள்தான் சோறாம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்களாம். இங்கே வழக்கம் வேறு என்று நம்பினாலும், யாரும் கொடுக்கவில்லையே, நான் இன்னும் விருந்தாளிதான் போல என்று பத்து நாளும் அழுதிருக்கிறார். அதையும் அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா தோளில் இருந்த மம்பட்டியை அப்போதுதான் இறக்கி வைத்தார். உள்ளே போனார். நான் பயந்துகொண்டே நின்றேன். ஒரு உருண்டைப் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வந்து, அண்ணியின் கையில் வைத்து அழுத்தினார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அண்ணியிடம், "மணல் போட்டுத் தேச்சா கரி போகுமாடி? புளி போட்டு அழுத்தித் தேயி" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி அதற்குள் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு, இங்கிட்டு" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். தட்டு அருகில் இருந்தது. கை போகிற போக்கில் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். கடித்த பிறகுதான் கவனித்தவர் மாதிரி நிறுத்தினார். மெதுவாக மென்றார். அண்ணி தேய்ப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மாமனாரு இருந்தா தட்டோட தூக்கிட்டுப் போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா இன்னொன்றை எடுத்தார். அண்ணி, "நல்லா இருக்கு?" என்றார். "கிராம்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் அம்மா. மறுநாள் காலை, நீலம் போகாத அந்தக் குண்டானில்தான் அண்ணி பால் காய்ச்சினார்.

அண்ணன் கடைசி வாரம் வந்தபோது, அம்மாவும் அண்ணியும் வேலிப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அத்தைக்கு மூடிமேல் கங்கு பரப்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவருக்குள்ளும் பேசிய பாஷை எனக்கு விளங்கவில்லை. புதுக் குண்டான் பரணிலேயே கிடக்கிறது. ஒன் பொண்டாட்டிக்கு வச்சுக்கலாம்னு பார்த்தா அண்ணன் பேரையில்ல வெட்டியிருக்க என்று அம்மா இன்றைக்கும் கிண்டல் செய்கிறார். இப்போதெல்லாம் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல நேர்ந்தால், என் பங்குக்குச் சீனி தூவாமல் அப்படியே சொல்கிறேன். அதைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, குண்டானுக்குத் தொள்ளாயிரத்து எண்பதும் பேர் வெட்டியதற்கு அறுபதுமாக, ஆயிரத்து நாற்பது ரூபாய்.